விளக்குக்கேற்ற சோக்கு

செம்பூரில் வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு மடல் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் அமெரிக்காவில் பணிபுரிந்த அவர் மகன் குடும்பத்துடன் தாயகம் திரும்புகிறாராம். அங்கே வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்த்தவர் அவர். தொட்டியை விற்றுவிட்டார்; ஆனால் அதன்மேல் எரிந்த இரண்டு மெட்டல் ஹாலைடு விளக்குகளையும் அவற்றின் பேலஸ்டுகளையும் விட்டுவர மனமின்றி, சாமான்களோடு கப்பலில் ஏற்றிவிட்டார். "இவற்றை மும்பையில் மாட்டலாமா? பல்பு பழுதானால் லோஹார் சாலில் கிடைக்கும் 250 வாட் பல்பு எதையேனும் போட்டுக்கொள்ளலாமா? தாங்கள் விளக்குத் துறையில் இருந்தவராயிற்றே!" என்று அன்பர் கேட்டிருக்கிறார்.

"இப்போதைக்கு எதையும் பிளக்கில் செருக வேண்டா" என்று ஒரு வரி உடனே எழுதிவிட்டோம். காரணங்களை இங்கே விரித்துச் சொல்கிறோம். அயல்நாடுகளில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. அங்கிருந்து பெட்டிகளில் வரும் மின்கருவிகளும் பல. ஆகவே இது ஒருவர்க்கு மட்டும் உரிய விடையன்று. மேலும், இந்த விளக்குப் பொருத்தத்தில் நாமே ஒருமுறை தவறியிருக்கிறோம். அத்தவற்றின் விலையைக் கொடுத்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அதனையும் மறையாது கூறுவதே முறை.

முதற்கண் சோக்கு என்பது எதற்கென்று காண்போம். பழைய குண்டு பல்புக்குச் சோக்கு வேண்டியதில்லை. அதன் இழை சூடேறச் சூடேறத் தடையும் கூடும். ஆதலின் அது தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். மெட்டல் ஹாலைடு விளக்கு அத்தகையதன்று. அதனுள்ளே விரல் பருமனுள்ள குவார்ட்ஸ் குழல் ஒன்று இருக்கும். அக்குழலுள் பாதரசமும், ஆர்கான் வாயுவும், சில உலோகங்களின் அயோடைடு உப்புகளும் அடைபட்டிருக்கும். இரு முனைகளுக்கும் இடையே மின்வில் தோன்றி வெப்பம் ஏறியதும் உப்புகள் ஆவியாகும். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய நிறத்தை உமிழும். இண்டியம் நீலம் தரும். தாலியம் பச்சை தரும். சோடியம் மஞ்சள் தரும். இவற்றை இந்த விளக்கில் வெற்றிகரமாகச் சேர்த்தவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த கில்பர்ட் ரெய்லிங் என்பவர்; காலம் 1960-களின் தொடக்கம்.

இந்த மின்வில்லுக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. ஓட்டம் கூடக் கூட அதன் தடை குறையும். தடை குறையக் குறைய ஓட்டம் மேலும் கூடும். அடக்குவார் இல்லையேல் சில நொடிகளில் விளக்கு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அந்த ஓட்டத்தைக் கட்டுக்குள் நிறுத்துவதே சோக்கின் கடமை. அமெரிக்கர் அதனைப் பேலஸ்ட் என்பர். ஆக, விளக்கில் எத்தனை ஆம்பியர் ஓடவேண்டும் என்பதை முடிவு செய்வது பல்பு அன்று, சோக்கே. பல்பின்மேல் 250 என்று அச்சிட்டிருப்பது, தக்க சோக்கு வாய்த்தால் தான் உண்ணும் அளவை அது கூறுவதேயாகும். தகாத சோக்கு வாய்த்தால் அது 180 வாட் உண்ணலாம். 320 வாட்டும் உண்ணலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு கோடையில் நாமும் நம் இல்லத்தரசியும் நியூ ஜெர்சியில் உள்ள மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். மருமகப்பிள்ளை கணிப்பொறித் துறையினர். வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் கடல்நீர் கலந்து, பாறை அடுக்கிப் பவளம் வளர்த்து வந்தார். மாலைதோறும் பேத்தி நம் கையைப் பற்றி அங்கே அழைத்துச் செல்வாள். அவள் பிறந்தநாளுக்கென்று வாங்கிய மான்கொம்புப் பவளத் துண்டு ஒன்று அதில் இருந்தது. விரல் நுனியளவாக வந்த அது ஓராண்டில் அவள் உள்ளங்கையளவு கிளைத்திருந்தது. ஆயினும் வந்தபோது இளநீலமாய் இருந்த அது, நாம் கண்டபோது காப்பித்தூள் நிறமாய் மங்கிக் கிடந்தது.

"மூன்று மாதமாக இப்படித்தான் இருக்கிறது, மாமா. நீரைச் சோதித்துவிட்டேன், குறையில்லை. பல்பும் புதிது," என்றார் மாப்பிள்ளை.

பவளம் என்பது கல்லன்று; செடியுமன்று. சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சுண்ணாம்பினால் தமக்குத் தாமே கட்டிக்கொள்ளும் குடியிருப்பு அது. அவ்வுயிர்களின் தசையினுள் நுண்ணிய பாசி குடியிருக்கும். பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்து வீட்டுக்காரனுக்கு வாடகையாகத் தரும். பவளம் தன் உணவில் பெரும்பங்கை அவ்வகையிலேயே பெறும். ஒளி குறைந்தால் இருக்கும் ஒளியைப் பிடிக்கப் பாசி பெருகும். பவளத்தின் நிறம் பழுப்பாகும். ஆகவேதான் ஜெர்மானியரும் அமெரிக்கரும் தொட்டியின்மேல் ஞாயிறு போன்ற கடுமையான விளக்கைத் தொங்கவிட்டனர். எல்.ஈ.டி. விளக்குகள் பரவுமுன் அவ்விடத்தில் அரசோச்சியது மெட்டல் ஹாலைடே.

விளக்கு எரிவதைக் கண்டோம். ஏற்றியதும் பலமுறை கண் சிமிட்டியது. பிறகு பற்றிக்கொண்டு மங்கிய ஊதா நிறத்தில் நின்றது. முப்பது ஆண்டுகள் மும்பையில் ஆலை விளக்குகளோடு வாழ்ந்த நமக்கு அந்தச் சிமிட்டல் பழகிய நோயாகத் தோன்றியது. "பேலஸ்டைத் திறந்து காட்டுங்கள், மாப்பிள்ளை," என்றோம். தகரப் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் 'எம் 58' என்றிருந்தது. பல்பு வந்த அட்டைப்பெட்டியை எடுத்துவரச் சொன்னோம். ஜெர்மனியில் செய்த 20,000 கெல்வின் பல்பு, 250 வாட், 3 ஆம்பியர் என்றிருந்தது. இரண்டிலும் 250 இருக்கிறது. பல்பின் மரை ஹோல்டரில் சரியாகப் பொருந்துகிறது. பின் என்ன குறை என்று மாப்பிள்ளை எண்ணியதில் வியப்பில்லை.

குறை இதுதான். அமெரிக்காவில் விளக்கின் வகைக்கு ஒரு குறியெண் உண்டு. அதே எண்ணே பேலஸ்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 175 வாட்டுக்கு எம் 57, 250 வாட்டுக்கு எம் 58, 400 வாட்டுக்கு எம் 59 என்பன பழைய வகைகள். இவற்றின் பல்புக்குள்ளேயே பற்றவைக்கும் துணைமுனை ஒன்று இருக்கும். தனி இக்னைட்டர் வேண்டா. எச்.கியூ.ஐ. என்று வழங்கும் ஐரோப்பிய வகையில் அத்துணைமுனை இல்லை. அதைப் பற்றவைக்கச் சுமார் 4,000, 5,000 வோல்ட் அளவில் ஒரு துடிப்பு வேண்டும். அதனைத் தருவது இக்னைட்டர். அவ்வகையில் 150 வாட்டுக்கு எம் 81, 250 வாட்டுக்கு எம் 80.

இப்போது இரண்டு 250 வாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எம் 58 வகை விளக்கு ஏறத்தாழ 133 வோல்ட்டில் 2.1 ஆம்பியர் ஏற்பது. எம் 80 வகை ஏறத்தாழ 100 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஏற்பது. (பெருக்கினால் 250-க்குச் சற்று மிகுதியாக வருவது மின்வில்லின் அலைவடிவால், அது பிழையன்று.) 3 ஆம்பியர் வேண்டும் பல்பை 2.1 ஆம்பியர் தரும் பேலஸ்டில் மாட்டினால், அதற்குக் கிடைப்பது 200 வாட்டுக்கும் குறைவு. கொதிக்க வேண்டிய உப்புகள் பாதி வெந்த சோறாய் நிற்கும், ஒளி அதைவிடவும் அதிக வீதத்தில் குறையும், நிறமும் திரியும். இக்னைட்டரும் இல்லாமையால் பற்றுவதற்கே அது திணறும். எதிர்மாறாக, 2.1 ஆம்பியர் பல்பை 3 ஆம்பியர் பேலஸ்டில் மாட்டினாலோ, அளவுக்கு மீறி எரிந்து, குழல் கருத்து, சில வேளை வெடித்தும் போகும்.

இது அமெரிக்காவுக்கே உரிய சிக்கல் என்று எண்ண வேண்டா. நம் ஊர்க் கடைகளிலும் 250 வாட் சோக்கு என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். மெர்க்குரி விளக்குக்குரியது சுமார் 2.15 ஆம்பியர், சோடியம் விளக்குக்குரியது சுமார் 3 ஆம்பியர். மெட்டல் ஹாலைடு பல்புகளிலும் முன்னதற்கென்று செய்தவை சில. பின்னதற்கென்று செய்தவை சில. நாம் பணியில் சேர்ந்த புதிதில், கையில் கிடைத்த சோடியம் சோக்கில் மெர்க்குரி வகைப் பல்பை மாட்டிவிட்டு, "என்ன வெளிச்சம்!" என்று மகிழ்ந்தோம். மூன்றாம் வாரம் பல்பு கருத்துவிட்டது. மேற்பார்வையாளர் நம்மைக் கடியவில்லை. "வாட் ஒன்றை மட்டும் பார்த்துப் பொருத்துவது ராசி ஒன்றை மட்டும் பார்த்துப் பெண் கொடுப்பது போலத் தம்பி; மற்றப் பொருத்தங்களையும் பார்க்க வேண்டும்," என்றார். அவர் சொன்ன மற்றப் பொருத்தங்கள் நான்கு: ஆம்பியர், பற்றவைக்கும் முறை, ஊரின் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும், ஹோல்டரின் தாங்குதிறன்.

இந்தப் பாடம் நியூ ஜெர்சியில் கைகொடுத்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரிடம் எம் 80 பேலஸ்ட் ஒன்று பழையதாகக் கிடைத்தது. பழைய ஹோல்டர் இக்னைட்டரின் துடிப்பைத் தாங்காது; ஆதலின் 4 கிலோவோல்ட் என்று பொறித்த புதிய ஹோல்டர் வாங்கினோம். துடிப்பு நெடுந்தொலைவு செல்லாதாகையால் பேலஸ்டை விளக்குக்கு அருகிலேயே, எனினும் உப்புநீர் தெறிக்காத இடத்தில் அமைத்தோம். கம்பி தொட்டிமட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறுமாறு விட்டோம். கம்பிவழி இறங்கும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மாலை சுவிட்சைத் தட்டினோம். ஒரே துடிப்பில் பற்றியது. ஐந்து நிமிடத்தில் தொட்டி முழுதும் நிலாவும் வெயிலும் கலந்தாற்போன்ற ஒளி பரந்தது. பேத்தி கைகொட்டினாள். "முப்பது ஆண்டு அனுபவம் பேசுகிறது!" என்றார் மாப்பிள்ளை. நமக்கும் உச்சி குளிர்ந்தது. ஓய்வு பெற்றபின் நம் தொழிலறிவை ஒருவர் நாடிக் கேட்டது அன்றுதான் முதன்முறை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஆறாம் நாள் காலை பேத்தி படியேறி ஓடிவந்தாள். "தாத்தா, என் பவளம் வெள்ளையாகிவிட்டது."

இறங்கிப் பார்த்தோம். மான்கொம்பின் மேற்கிளைகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தன. விளக்கில் குறையில்லை, பேலஸ்டில் குறையில்லை, குறை நம்மிடமே இருந்தது. மூன்று மாதம் அரையிருளில் கிடந்த உயிரின் தலைமேல், ஒரே மாலையில், ஏறத்தாழ இருமடங்கு ஒளியை இறக்கியிருக்கிறோம். விளக்கின் உயரத்தை மாற்றவில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம் என்றிருந்த கணக்கையும் குறைக்கவில்லை. ஒளி மிகும்போது உள்ளிருக்கும் பாசி அளவுக்கு மீறி உழைத்து, பவளத்துக்கு நஞ்சாகும் பொருளை வெளியிடும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். பாசி போனால் நிறம் போகும்; நெடுநாள் திரும்பாவிட்டால் உயிரும் போகும். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு முதல் வேளையிலேயே விருந்து படைப்பார் உண்டோ? கஞ்சியன்றோ கொடுப்பர்! அதனை நாம் எண்ணவில்லை.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி மட்டும், "நீங்கள் சரி செய்தீர்களே, தாத்தா, பிறகு ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டாள். குழந்தை குற்றம் சாட்டவில்லை, அறியவே கேட்டாள். "தாத்தாவுக்கு விளக்கைத் தெரியும், பவளத்தைத் தெரியாது. தெரிந்தவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை," என்றோம்.

அன்று மாலையே அவ்வூரில் பவளம் வளர்ப்போர் சங்கத்து முதியவர் ஒருவர் வந்தார். விளக்கை ஒரு முழம் உயர்த்தினார். சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை மூன்று மடிப்பாகத் தொட்டியின்மேல் விரித்தார். நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் எரிக்கச் சொன்னார். வாரத்துக்கு ஒரு மடிப்பாக நீக்கவும், சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டவும், அதன்பின் விளக்கை மெல்லத் தாழ்த்தவும் சொன்னார். ஒரே பல்பு வெவ்வேறு பேலஸ்டில் எவ்வளவு ஒளியும் என்ன நிறமும் தருகிறது என்பதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி பல ஆண்டுகள் அளந்து, அட்டவணைகளாக வெளியிட்டிருப்பதையும் அவரே நமக்குக் காட்டினார். அவற்றைப் பார்த்தபோதுதான், பேலஸ்ட் மாறினால் வேறு விளக்கே வந்ததாகக் கொள்ள வேண்டும் என்னும் உண்மை நம் மனத்தில் ஊன்றியது. அதைப் படித்துவிட்டுச் சுவிட்சைத் தட்டியிருக்கலாம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வெளுத்த அந்தப் பவளம் நாம் நன்கறிந்த ஒன்று. நாம் பிறந்தது தூத்துக்குடி. நம் தந்தையார் வண்டி ஓட்டியவர். மன்னார் வளைகுடாவின் பாறைகளிலிருந்து பெயர்த்துக் கரைசேர்த்த பவளக்கல்லைச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொண்டு போவார். பள்ளி விடுமுறை நாளில் வண்டியின் பின்னே நாமும் அமர்ந்து செல்வோம். கற்குவியலின்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். அவையெல்லாம் வெள்ளை. பவளம் என்றால் வெள்ளைதான் என்றே இளமையில் எண்ணியிருந்தோம். அது நீலமாகவும் பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் என்பதை அறுபது வயதுக்குமேல், கடலே இல்லாத ஒரு கீழ்த்தளத்தில், பேத்தியின் விரல் காட்டக் கண்டோம். காணக் கிடைத்ததையும் நம் கையாலேயே வெளுக்கச் செய்தோம்.

அக்காலத்தில் அது எவர்க்கும் பிழையாகத் தோன்றவில்லை, வயிற்றுப்பாடாகவே தோன்றியது. தந்தையாரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம்மைப் படிக்க வைத்தது அந்த வண்டி வாடகையே. ஆனால் கணக்கைக் கடல் வைத்திருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எனினும் அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்துவிட்டன. அலையைத் தடுக்கும் பவளப் பாறைகள் பெயர்க்கப்பட்டமை அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. எஞ்சிய பாறைகளும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியமையால் பெருமளவில் வெளுத்தன. தொட்டியில் நாம் ஆறு நாளில் கண்டதைக் கடல் பலமுறை கண்டுவிட்டது. அங்கே விளக்கை உயர்த்தவோ கொசுவலை விரிக்கவோ வழியில்லை.

இனி, செம்பூர் அன்பரின் கேள்விக்கு முறையாக விடை கூறுவோம்.

முதலாவது, அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 சுழற்சி. நம்முடையது 230 வோல்ட், 50 சுழற்சி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் குறையும், சுழற்சி மாறாது. 60-க்கென்று செய்த இரும்புச் சோக்கு 50-இல் தன் தடையில் ஆறில் ஒரு பங்கை இழக்கும், இரும்பு அளவுக்கு மீறிக் காந்தமேறிச் சூடாகும், சுருள் கருகும். சில அமெரிக்கப் பேலஸ்டுகளில் 240 வோல்ட்டுக்கும் இணைப்பு உண்டு; ஆயினும் 60 சுழற்சி என்று மட்டும் பொறித்திருந்தால் அதுவும் உதவாது. எலெக்ட்ரானிக் வகையாயிருந்து, அதன் தாளில் 240 வோல்ட் வரையும், 50, 60 இரு சுழற்சிகளும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இங்கே மாட்டலாம்.

இரண்டாவது, பல்பின் குறிப்பையும் பேலஸ்டின் குறிப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வாட்டுடன் ஆம்பியரும் இக்னைட்டர் தேவையும் ஒத்திருக்க வேண்டும். தாள் கிழிந்து எழுத்து அழிந்த சோக்கை நம்ப வேண்டா. அது சாதகம் தொலைந்த வரன். "எதையேனும் போட்டுக்கொள்ளலாமா?" என்பதற்கு விடை, "ஆகாது" என்பதே.

மூன்றாவது, இரு முனையிலும் பிடிப்புள்ள குழல் வடிவப் பல்பானால், புற ஊதாவை முற்றிலும் தடுக்கும் புறக்கண்ணாடி அதற்கு இல்லை என்றே கொள்ள வேண்டும். அதன் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் தீய்க்கும், பவளத்தையும் தீய்க்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியைப் பெட்டியின் வாயில் பொருத்தாமல் அதனை ஏற்றவே கூடாது. புறக்கண்ணாடி உடைந்த ஒரு முனைப் பல்பும் அவ்வாறே. உடைந்தும் எரிகிறதே என்று மகிழ வேண்டா, அப்போதே அணைத்துவிடுங்கள். அணைத்த விளக்கு உடனே மீண்டும் பற்றாது; பத்து, பதினைந்து நிமிடம் ஆறவேண்டும். பற்றவில்லை என்று சுவிட்சை ஓயாது தட்டுவதால் இக்னைட்டரே கெடும். எரிந்து முடிந்த பல்பினுள் பாதரசம் உண்டு. குப்பைத்தொட்டியில் எறியாமல் மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

நான்காவது, உப்புநீரும் மின்சாரமும் கூடுமிடத்தில் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இன்றி எந்த விளக்கும் வேண்டா. ஓர் உயிரை வளர்க்கப் போய் மற்றோர் உயிரை இழக்கலாகாது.

ஐந்தாவது, செலவு. 250 வாட் விளக்கு ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் திங்களுக்கு 75 யூனிட். சோக்கின் இழப்பு வேறு. இரண்டு விளக்கென்றால் 150-க்கு மேல். அவ்வெப்பம் நீரின் தலையிலும் இறங்கும். மும்பைக் கோடையில் நீரைக் குளிர்விக்கும் எந்திரமும் வேண்டிவரும். மாதச் சம்பளக் குடும்பம் நன்கு எண்ணித் துணிய வேண்டிய கருமம் இது. வெறும் மீன் வளர்ப்பதற்கு இத்தகைய விளக்கு தேவையே இல்லை.

ஆறாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில், 2001-ஆம் ஆண்டில் கற்பவளங்களும், கரும்பவளமும், கடல் விசிறிகளும் சேர்க்கப்பட்டன. அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில் தொட்டியில் வளர்த்த துண்டுகளைக் கடையிலும் சங்கத்திலும் வெளிப்படையாய் மாற்றிக்கொள்கிறார்கள். இங்கே அவ்வழக்கத்தைத் தொடரலாம் என்று அன்பரின் மகன் எண்ணியிருந்தால், அவ்வெண்ணத்தை விட்டுவிடுவதே நலம். ஊருக்குப் போகும்போது கடற்கரைக் கடையில் அழகுக்காகப் பவளக்கல் வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. இனி வேண்டா. செத்த கல்லாயினும் சட்டம் சட்டமே. அன்றியும், அது கடலின் மதிலிலிருந்து பெயர்த்த கல்.

நம் பேத்தியின் பவளம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் மும்பை திரும்பியபின், மூன்றாம் திங்களில் மகள் ஒரு படம் அனுப்பினாள். மேற்கிளைகள் மடிந்து, அவற்றின்மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. நிழலில் இருந்த அடிக்கிளைகள் பிழைத்து, நுனியில் இளநீலம் காட்டின. பாதி போயிற்று, பாதி நின்றது. இன்று அத்தொட்டியில் எல்.ஈ.டி. விளக்கு எரிகிறது. நாம் தேடிப் பொருத்திய எம் 80 பேலஸ்ட் எங்கோ மூலையில் கிடக்கிறதாம். பேத்தி கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். சென்ற ஆண்டு இங்கே வந்திருந்தபோது, "தாத்தா, தூத்துக்குடிக்கு அழைத்துப் போங்கள், உங்கள் கடலைப் பார்க்க வேண்டும்," என்றாள். அழைத்துச் சென்றோம். காளவாசல் இருந்த இடத்தைக் காட்டினோம். அவள் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாமும் ஒன்றும் பேசவில்லை.

விளக்குக்கேற்ற சோக்கைத் தேடுவது எளிது, தாளில் எழுதியிருக்கும். அந்த ஒளி எந்த உயிரின்மேல் விழப்போகிறதோ, அவ்வுயிருக்கேற்ற அளவு எந்தத் தாளிலும் எழுதியிராது. அறிந்தவரைக் கேட்டுத்தான் தெளிய வேண்டும். செம்பூர் அன்பர் நம்மை முன்னரே கேட்டார். அந்த வகையில் அவர் நம்மினும் அறிவுடையவர். பெட்டி வந்து சேர்ந்ததும் தகவல் தெரிவிப்பாராக. தாள்களைப் படித்துப் பார்க்க நாமே அளவியுடன் வருகிறோம், சுவிட்சைத் தட்டுவதற்கன்று.